மனக்காயமும் மூளையின் பாதைகளும்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மகிழ்ச்சி பொங்கும் யூபிலி மேடையில் துயரத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். அத்துயரம் நம் குடும்பங்களிலேயே குடியிருப்பதால்தான் பேச முன்வந்தோம்.

திருப்பதி நெடுஞ்சாலையில் நேர்ந்த விபத்தில் தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். ஆண்டுகள் பல சென்றும், பஸ் ஹாரன் கேட்டால் அவர் உடல் நடுங்குகிறது. இரவில் தூக்கமில்லை. அந்தச் சாலைப் பக்கம் போவதேயில்லை. நாம் அவருக்கு என்ன ஆறுதல் சொன்னோம்? "மறந்துவிடு" என்றோம். "விசுவாசம் போதவில்லை" என்றும் நம்மில் சிலர் சொன்னோம். அப்படிச் சொன்னது தவறு.

இது ஒரு நோய். முதல் உலகப் போரில் பீரங்கிகளுக்கிடையே நின்ற வீரர்களிடம் இதைக் கண்ட மருத்துவர்கள் 'ஷெல் ஷாக்' என்றனர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்து ஊரான அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது அணி இருக்கிறதல்லவா? அத்தகைய திடமான வீரர்களுக்கும் இது வரக்கூடும். கோழைத்தனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூளையில் நடப்பது என்ன? வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்ற ஓர் உறுப்பு உண்டு. ஆபத்து என்றால் முதலில் கூக்குரலிடுவது அதுதான். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, "இது எங்கே, எப்போது நடந்தது" என்று நினைவுக்கு இடமும் காலமும் குறிக்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை, "இது வெறும் ஹாரன் சத்தம், பயமில்லை" என்று அமிக்டலாவை அமர்த்துகிறது. இம்மூன்றையும் நரம்பு இழைகள் இணைக்கின்றன. இந்நோயாளிகளை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், அமிக்டலா மிகையாகத் துடிப்பதும், முன்மூளையின் கட்டுப்பாடு தளர்ந்திருப்பதும் தெரிந்தன. ஆகவே என்றோ நடந்தது இன்று நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் இப்பாதைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. பாதுகாப்பான இடத்தில், பயிற்சி பெற்றவரின் துணையோடு, அந்த நினைவைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும்போது, "ஆபத்து கடந்துவிட்டது" என்பதை மூளை மறுபடி கற்கிறது. கற்கக் கற்க இணைப்புகளும் மாறுகின்றன.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிறு காலை, சுனாமி வந்ததை யார் மறப்பார்? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மருத்துவர்கள் அங்குள்ள மீனவ மக்களோடு அமர்ந்து, எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டறிந்தனர். 2008-இல் வெளியான அவ்வாய்வு என்ன சொல்கிறது? தங்கள் சொந்த மனவலிமையையும், உற்றார் உறவினரையும், ஊர்க் கட்டுப்பாட்டையும், இறைநம்பிக்கையையும் அம்மக்கள் பெரிதும் போற்றினர்.

ஆக, விசுவாசம் தாங்கும் தூண்தான். அதைக் குற்றம் சாட்டும் கோலாக நாம் எடுத்ததே பிழை. மருந்தும் மன்றாட்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. சொல்ல வருபவரைச் சொல்லவிட்டுப் பொறுமையாய்க் கேட்போம். சொல்லாதவரை வற்புறுத்த வேண்டாம். திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் அவரை ஒதுக்காதிருப்போம். ஒரு மாதத்துக்கு மேலும் துன்பம் தணியாவிட்டால், மனநல மருத்துவரிடம் கூடவே செல்வோம். அரசின் இலவச மனநலத் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நம் ஊர் மலைக்கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களைக் குறிப்பவை என்பர். எவரும் ஒரே தாவலில் மேலே போய்விடுவதில்லை. மூச்சு வாங்கினால் நின்று, கைபிடித்து ஏறுகிறார்கள். மனக்காயத்திலிருந்து மீள்வதும் அப்படித்தான். அந்த அண்ணன் மீண்டும் சாலைக்கு வரும் நாளில், அவர் கையைப் பிடித்திருப்பது நம் கையாக இருக்கட்டும்.