மலை ஏறும் ஜீப்பின் முன்சக்கரம்



ரப்பருக்கு உரம் வைப்பது பற்றியோ, வாழையில் கூன்வண்டு பற்றியோ பேச வேண்டிய ஆள் இன்றைக்கு ஜீப்பின் முன்சக்கரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘விவசாய அதிகாரிக்கு ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை?’ என்று நீங்கள் கேட்கலாம். மார்த்தாண்டத்துக்கு வடக்கே குலசேகரம், அருமனை, களியல், கடையாலுமூடு என்று போகப் போக நிலம் மேடும் பள்ளமுமாக ஏறுகிறது. அங்கெல்லாம் ரப்பர் பாலும் ஷீட்டும், அன்னாசியும், வாழைக்குலையும், மரச்சீனியும் தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு வந்து சேர்வது நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்பிலும் பிக்கப்பிலும்தான். பால் எடுத்த கேன் வண்டியில் இருக்கும்போது வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் பால் உங்களுக்காகக் காத்திருக்காது. சில மணி நேரத்தில் உறைந்துவிடும். ஷீட்டாக வேண்டியது ஒட்டுப்பால் விலைக்குப் போகும். ஆகவே வண்டியின் சக்கரமும் விவசாயத்தில் சேர்ந்ததுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. விடியும் முன் பால்வெட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியும் அதே வண்டிதான்.

முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற குடத்தை ஹப் என்கிறோம். அதற்குள் வெளிப்பக்கம் ஒன்றும் உள்பக்கம் ஒன்றுமாக இரண்டு பேரிங் இருக்கின்றன. இரண்டும் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கிய, சரிவான உருளைகள் உள்ளவை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாரம் ஏற்றிய வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் மேல் எடை நேராக மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்த இரண்டு சுமையையும் ஒன்றாகத் தாங்கத்தான் உருளையைச் சரித்து வைத்தார். குதிரை வண்டிக்கு வந்த யோசனை இன்று நம்ம மலைப் பாதையில் வேலை செய்கிறது. ஆனால் உருளைக்கும் அது ஓடுகிற வளையத்துக்கும் நடுவே கிரீஸ் படலம் இருக்கும் வரைக்கும்தான் அது தாங்கும்.

‘எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் வைக்கணும் சார்?’ என்றுதான் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். தார் ரோட்டில் ஓடுகிற காருக்கு அந்தக் கேள்வி சரி. கம்பெனிக் கையேட்டில் போட்டிருக்கும் கணக்கைப் பார்த்துச் செய்யலாம். தோட்டத்து ஜீப்புக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. அது ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் ஓடும், ஆனால் அதற்குள் நாலு தடவை தோட்டில் இறங்கி ஏறும். நம்ம வண்டிகளில் பேரிங்கைக் கெடுப்பது தூரமல்ல, தண்ணீர்.

ஹப்புக்குப் பின்னால் ஆயில் சீல் இருக்கிறதே, தண்ணீர் எப்படி உள்ளே போகும்? இது கொஞ்சம் கவனிக்க வேண்டிய சங்கதி. பாரத்தோடு செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறீர்கள். பிரேக் டிரம் சூடாகிறது. அந்தச் சூடு ஹப்புக்கும் ஏறுகிறது. ஹப்புக்குள் கிரீஸ் போக மீதி இடத்தில் காற்று இருக்கிறது, அதுவும் சூடாகிறது. இறக்கம் முடிகிற இடத்தில் என்ன இருக்கும்? நம்ம ஊர் மலையில் தோடுதான் இருக்கும். சூடான ஹப் நேராகக் குளிர்ந்த தண்ணீரில் முங்குகிறது. 80 டிகிரி சூட்டில் இருக்கிற காற்று 25 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கின இடத்தை நிரப்ப வெளியே இருப்பதை உள்ளே உறிஞ்சும். வெளியே இருப்பதோ சேற்றுத் தண்ணீர். ஆயில் சீலின் உதடு உள்ளேயிருக்கிற கிரீஸை வெளியே விடாமல் தடுப்பதற்காக அமைந்தது. வெளியிலிருந்து உறிஞ்சப்படுகிற தண்ணீரை அவ்வளவு நன்றாகத் தடுக்காது. தேய்ந்த சீல் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகையால் முதல் யோசனை காசில்லாத யோசனை. பெரிய இறக்கம் இறங்கியதும் தோட்டுக்கு முன்னால் வண்டியைப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். ஒரு பீடி குடிக்கிற நேரம் என்று சொல்லலாம், ஆனால் பீடி குடிக்கச் சொல்லி நான் சிபாரிசு செய்ததாக ஆகிவிடும். பிரேக்கைத் தேய்க்காமல் தாழ்ந்த கியரில் இறங்கினால் இன்னும் நல்லது, ஹப் அவ்வளவு சூடாகாது.

உள்ளே போன தண்ணீர் கிரீஸோடு கலந்து கடைந்த மோர் மாதிரி வெளுத்துவிடும். அந்தக் கிரீஸுக்குச் சுமை தாங்கும் வலு இல்லை. மேலும் வண்டி ராத்திரி முழுக்க நிற்கும்போது, உருளை வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிற கோட்டில் துரு பிடிக்கிறது. மறுநாள் ஓடும்போது அந்தத் துரு பெயர்ந்து, சின்னக் குழி விழுகிறது. குழி விழுந்த பேரிங் கர்ரென்று சத்தம் போடும். வண்டியைச் சற்று இடப்பக்கம் ஒடித்தால் பாரம் வலச் சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங் மேல் சந்தேகப்படலாம். வலப்பக்கம் ஒடிக்கும்போது கூடினால் இடப்பக்கம்.

‘சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணம் கூடாது. பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால் அதன் உள்வளையம் அச்சின் மேலேயே சுற்றி அச்சை அறுக்கும். நட்டு கழன்றால் சக்கரம் பிரேக் டிரம்மோடு சேர்ந்து வெளியே போய்விடும். பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே குழாய் வழியாகத்தான் போகிறது. டிரம் போன இடத்தில் பிரேக் சிலிண்டரின் பிஸ்டன் தெறித்து எண்ணெய் கொட்டிவிட்டால், மற்ற மூன்று சக்கரத்திலும் பிரேக் இருக்காது. பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, மலை இறக்கத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு முற்றத்திலேயே நீங்கள் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சின் கீழே கெட்டியான மரக்கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டதா? கோளாறு ஹப் பேரிங்கில். பிரேக் மிதித்தும் ஆட்டம் இருக்கிறதா? அது கிங் பின் பக்கத்துக் கோளாறு. இது தெரியாமல் ஒன்றுக்கு ஒன்றை மாற்றிக் காசைத் தொலைத்தவர்கள் பலர்.

இனி வேலைக்கு வருவோம். கழற்றி மாட்டுவது மெக்கானிக்கின் வேலை. ஆனால் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். வெளி மூடி, டிரைவ் பிளேட், பிறகு இரண்டு நட்டு, நடுவில் ஒரு லாக் வாஷர், அப்புறம் வெளிப் பேரிங் என்று வரிசையாக வரும். அந்த நட்டுக்கென்று பெட்டி ஸ்பானர் இருக்கிறது. உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்ற விடாதீர்கள். நட்டின் முனை பெயர்ந்து, இரும்புத் துணுக்கு பேரிங்குக்குள் விழும். இரும்பை இரும்பால் அரைக்க அது ஒன்றே போதும்.

பழைய கிரீஸைத் துடைத்து எறிவதற்கு முன் விரலில் எடுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தால் தண்ணீர். மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங் தேய்கிறது. கிரீஸ் கஞ்சி மாதிரி இளகி, கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால், அச்சுக்கு உள்ளேயிருக்கிற சீல் போய் கியர் ஆயில் வெளியே வருகிறது என்று அர்த்தம். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கே உரிய கோளாறு இது. அந்தச் சீலை மாற்றாமல் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் ஒரு மாதத்தில் கரைந்துபோகும். அச்சு உறையின் மேலே காற்றுப் போகும் மூச்சுக்குழல் இருக்கிறது. மண் அடைத்திருந்தால் அதையும் குத்திவிடச் சொல்லுங்கள்.

பேரிங்கை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறப்போட்டுக் கழுவி, நூல் பிரியாத துணியால் துடைத்து உலர வைக்க வேண்டும். காற்றுக் குழாயைப் பிடித்து விர்ரென்று சுழல விடுவது சில பையன்களுக்கு விளையாட்டு. எண்ணெய்ப் பசையில்லாத பேரிங்கை அப்படிச் சுழற்றினால் அதுவே கெட்டுவிடும், கூடு உடைந்தால் உருளை தெறித்து முகத்தில் அடிக்கும். வலப்பக்கத்தது வலப்பக்கம், இடப்பக்கத்தது இடப்பக்கம் என்று பிரித்து வையுங்கள். ஒவ்வொரு பேரிங்கும் அதனதன் வளையத்தோடு பழகினது. உருளையில் குழியோ, நீலம் பாய்ந்த நிறமோ கண்டால் அது உதவாது. மாற்றும்போது ஹப்புக்குள் இறங்கியிருக்கிற கப் என்கிற வெளி வளையத்தையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ‘கப் நல்லாத்தான் இருக்கு அண்ணே, சும்மா செலவு எதுக்கு’ என்பார்கள். கேட்காதீர்கள்.

கிரீஸைப் பொறுத்தவரை கஞ்சத்தனம் கூடாது, தாராளமும் கூடாது. ஸ்பிரிங் பட்டைக்குப் போடுகிற சாதாரணச் சுண்ணாம்புச் சோப்புக் கிரீஸ் ஏறக்குறைய 100 டிகிரியில் இளகி ஓடிவிடும். இறக்கத்தில் பிரேக் சூட்டுக்கு அது ஆகாது. லித்தியம் கிரீஸ் அதைவிடக் கூடுதல் சூட்டைத் தாங்கும். சக்கரப் பேரிங்குக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றைக் கலக்க வேண்டாம். திறந்து போட்ட டப்பாவில் மணல் விழுந்த கிரீஸைவிட, கிரீஸ் வைக்காமல் இருப்பதே மேல் என்றுகூட எனக்குத் தோன்றும்.

வைக்கிற விதம் இப்படி. உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ் எடுத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுமாதிரி பிதுங்கி வரணும். சுற்றிலும் அப்படி வந்தால்தான் நிறைந்தது. மேலே பூசிவிட்டால் நிறைந்ததாகாது. ஹப்பின் உட்குழியிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். முழுக்க அடைத்தால் சூட்டில் பெருகி, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் கட்டையில் போய் விழும். ஆயில் சீலை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். ஸ்பிரிங் உள்ள உதடு கிரீஸ் இருக்கிற பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கணும். டிரைவ் பிளேட்டின் கீழே வைக்கிற காகிதப் பேக்கிங் கிழிந்திருந்தால் அந்த வழியாகவும் தண்ணீர் போகும்.

நட்டை முடுக்குவதில்தான் கைப்பக்குவம். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை முடுக்கி, சக்கரம் பிடிக்கிற இடம் வந்ததும், பழைய ஜீப் வகைகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு சுற்று பின்னால் தளர்த்த வேண்டும். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டைப் பார்க்கவும். பிறகு லாக் வாஷர், வெளி நட்டு. வெளி நட்டை முடுக்கின பிறகு மறுபடியும் ஆட்டம் பார்த்து, வாஷரின் நாக்கை நட்டின் மேல் மடக்கிவிட வேண்டும். இந்த நாக்கு மடங்கியதை உங்கள் கண்ணால் பார்க்காமல் மூடியைப் போட விடாதீர்கள். அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டி வந்து இரண்டு ஹப்பையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கொதித்தால் நட்டு இறுக்கம், அல்லது பிரேக் பிடித்திருக்கிறது.

எப்போது செய்வது? தோட்டில் இறங்குகிற வண்டிக்கு வருஷத்தில் இரண்டு முறை என்பது என் அபிப்பிராயம். இடவப்பாதி மழை தொடங்கும் முன் மே மாதத்தில் ஒன்று, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழியில் ஒன்று. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு அல்லவா, அதற்கு ஏற்ற கணக்கு இது. ஹப் முழுகும் அளவுக்கு வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு எந்தக் கணக்கும் கிடையாது, அந்த வாரமே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். 2021 நவம்பரில் நம்ம மாவட்டத்தில் பல இடங்களில் வெள்ளம் புகுந்ததே, அதுபோன்ற சமயத்தில் எஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு ஹப்பை மறந்துவிடக் கூடாது. புதிய வண்டிகள் சிலவற்றில் பேரிங் அடைத்த யூனிட்டாக வருகிறது. அதற்குக் கிரீஸ் வைக்க முடியாது, சத்தமோ ஆட்டமோ வந்தால் முழுசாக மாற்ற வேண்டியதுதான்.

நாஞ்சில் நாட்டு நெல் விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் தொளியடிக்கிற டிராக்டரின் முன்சக்கரம் நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில்தான் கிடக்கிறது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற டிராக்டரில் முன் ஹப்பில் கிரீஸ் நிப்பிள் இருந்தால், தொளி நாட்களில் தினமும் சாயங்காலம் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். நிப்பிள் இல்லாததற்கு, தொளி முடிந்ததும் பிரித்துப் பார்ப்பதே வழி. நான்கு சக்கரமும் இழுக்கிற டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் முன் ஹப்புக்குள் இருப்பது கிரீஸ் அல்ல, எண்ணெய். அளவு பார்க்கிற பிளக்கைத் திறக்கும்போது எண்ணெய் பால் நிறமாக இருந்தால் அன்றைக்கே வடித்துவிட்டு, சீலைப் பார்த்து, புது எண்ணெய் விடுங்கள்.