குடலுக்கு நரம்பு வந்த வழி



உண்ணும் உணவின்மீது நமக்குள்ள அதிகாரம் அதனை விழுங்கும் வரையில்தான். தொண்டையைக் கடந்த பின்னர் அது குடலின் பொறுப்பு. 1899ஆம் ஆண்டில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியலறிஞர் இருவர், வெளியிலிருந்து குடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டுச் சோதித்தனர். அப்பொழுதும் குடல் ஓயவில்லை. உள்ளிருக்கும் பொருளுக்குப் பின்னால் சுருங்கியும் முன்னால் தளர்ந்தும் அதனைத் தள்ளிக்கொண்டேயிருந்தது. குடற்சுவருக்குள்ளேயே தனியானதொரு நரம்பு மண்டலம் இருப்பதே இதற்குக் காரணம். மனிதக் குடலில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன.

இவை எங்கிருந்து வந்தன? குடலிலேயே தோன்றியிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் சரியன்று. அதனைத் தெளிவாக்கியது கோழிமுட்டை.

கோழிமுட்டை பொரிய 21 நாள் ஆகும். ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, கருவில் வேண்டியதைச் செய்து, மீண்டும் மூடி வெப்பத்தில் வைத்தால் கரு தொடர்ந்து வளரும். தாய்வயிற்றில் வளரும் கருவில் இவ்வளவு எளிதாகக் கைவைக்க இயலாது. அடையின் இரண்டாம் நாளில், கருவின் முதுகுப்புறத்தே மெல்லிய தகடொன்றின் ஓரங்கள் எழும்பி, மடிந்து, ஒன்றுகூடிக் குழலாகின்றன. மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது இக்குழலே. ஓரங்கள் கூடும் மேல்விளிம்பில் சில அணுக்கள் திரள்கின்றன. 1868இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கோழிக்கருவில் இவற்றைக் கண்டு எழுதினார். இத்திரளை நரம்பு முகடு என்போம். இவ்வணுக்கள் பிறந்த இடத்தில் தங்குவதில்லை. உடலின் பல பகுதிகளுக்கும் புறப்பட்டுச் செல்கின்றன. தோலுக்கு நிறந்தரும் அணுக்களும் முகத்தெலும்புகள் பலவும் இவற்றின் வழிவந்தவையே.

1954இல் இன்டெமா, ஹாமண்ட் என்னும் அறிஞர்கள் கழுத்தின் தொடக்கத்திலுள்ள முகட்டைக் கோழிக்கருவிலிருந்து நீக்கினர். அக்கருவின் குடலில் நரம்பணுத் திரள்கள் குறைந்தோ இல்லாமலோ போயின. நல்ல சான்றுதான். எனினும், ஒன்றை நீக்கியதால் மற்றொன்று இல்லாமற்போயிற்று என்பது வேறு. அதுவே இதுவாக மாறிற்று என்பது வேறு. பயணத்தைக் கண்ணால் கண்டாலன்றி ஐயம் தீராது.

இரண்டு மந்தைகள் கலந்து மேயும்பொழுது எந்த ஆடு எவருடையது என்று அறியக் காதில் வெட்டி அடையாளமிடுவதுண்டு. பூசிய சாயம் மழையில் கரையும். காது வெட்டு கரையாது. அணுக்களுக்கு இடும் சாயமும் அவை பெருகப் பெருக மங்கிவிடும். கரையாத அடையாளத்தைக் கண்டவர் பிரெஞ்சு அம்மையார் நிக்கோல் லெ துவாரென். காடையின் அணுக்களில் உட்கருவுக்குள் ஒரு பொருள் கட்டியாகத் திரண்டிருக்கிறது. கோழியில் அது சிதறிக் கிடக்கிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்கினால் இது காடை, இது கோழி என்று பிரித்தறியலாம். அணு எத்தனை முறை பிரிந்தாலும் அடையாளம் மாறாது. 1969இல் இதனை வெளியிட்டார். அம்மையார் பள்ளியாசிரியராகப் பணியாற்றிப் பின்னர் ஆராய்ச்சிக்கு வந்தவர் என்பதைச் சொல்லாமல் விட, என்போன்ற பழைய ஆசிரியனுக்கு மனம் வருவதில்லை.

1973இல் அவரும் தெய்யே என்பவரும் கோழிக்கருவின் முகட்டிற் சிறு பகுதியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடையின் முகட்டைப் பொருத்திய ஆய்வை வெளியிட்டனர். கருவின் முதுகில் நரம்புக் குழலின் இருபுறமும் கணுக்கணுவாய் உடற்கண்டங்கள் அமைந்திருக்கும். முதல் 7 கண்டங்களுக்கு நேரான முகட்டை மாற்றியபொழுது, குடலின் தொடக்கம் முதல் இறுதி வரை காடையின் நரம்பணுக்கள் காணப்பட்டன! கழுத்தருகே பிறந்தவை கடைக்குடல் வரை சென்றிருந்தன. 28ஆம் கண்டத்துக்குப் பின்னுள்ள முகட்டிலிருந்தும் சில அணுக்கள் வந்தன. ஆனால் குடலின் பிற்பகுதிக்கு மட்டுமே.

முன்னணுக்கள் மூன்றாம் நாளளவில் முன்குடலை அடைந்து, நாள்தோறும் பின்னோக்கி நகர்ந்து, எட்டரை நாளளவில் குடலின் கடைமுனையை எட்டுகின்றன. இத்தனை காலமும் குடலும் நீண்டுகொண்டே போகிறது. ஆகவே வழியெங்கும் பெருகிக்கொண்டே சென்றால்தான் முனையை எட்ட முடியும். பின்னணுக்களோ குடலுக்கு வெளியே, ரேமாக் நரம்பு என்னும் பறவைகளுக்கே உரிய நரம்பில் காத்திருந்து, ஏழு நாள் கடந்த பின்னரே பெருமளவில் உள்ளே நுழைகின்றன.

முனையை எட்டாவிட்டால் என்ன நேரும்? 1886இல் ஹிர்ஷ்ஸ்பிரங் என்னும் டென்மார்க்கு மருத்துவர், மலங்கழிக்க இயலாமல் வயிறு பருத்து மாண்ட குழந்தைகளைப் பற்றி எடுத்துரைத்தார். ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் உண்டு. குடலின் கடைசித் துண்டில் நரம்பணு இல்லாததே காரணம். அத்துண்டு தளராமல் வழியை அடைத்துக்கொள்கிறது. குறை பெரும்பாலும் கடைமுனையிலேயே காணப்படுவது ஏன் என்பது இப்பொழுது உங்களுக்கு விளங்கியிருக்கும். 1948இல் ஸ்வென்சன் என்பவர் அத்துண்டை அகற்றி நல்ல குடலைக் கீழே இணைக்கும் அறுவை முறையை வெளியிட்டது முதல், இக்குழந்தைகள் பலர் பிழைத்து வளர்கின்றனர்.

காத்திருக்கும் பின்னணுக்கள் இக்குறையை நிரப்பலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். கோழிக்கருவில் அதனையும் சோதித்திருக்கிறார்கள். முன்னணுக்களை நீக்கிய பின்னரும் பின்னணுக்கள் உரிய காலத்தில் குடலுக்குள் சென்றன, நரம்பணுக்களாகவும் மாறின. ஆயினும் அவற்றின் தொகை போதவில்லை.