ஹவாய் ஆடும் ஆஸ்திரேலிய மாடும்

சவுண்டல் இலை தெரியும்தானே? நம்ம ஊர்ல ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுவோமே, அதேதான்.

அந்த இலையில மிமோசின்னு ஒரு நச்சு இருக்கு. ஆஸ்திரேலியாவுல அதை நிறைய மேய்ஞ்ச மாடுகளுக்கு முடி கொட்டுச்சு, தைராய்டு வீங்குச்சு, எடை குறைஞ்சுது. ஆனா ஹவாய்ல அதே இலையைத் தின்ன ஆடுகள் நல்லா இருந்துச்சு. ஏன்?

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளருக்கு ஆட்டு வயித்துல இருக்கிற பாக்டீரியா மேல சந்தேகம். 1980களின் தொடக்கத்தில் அதை ஹவாய் ஆடுகள்ல இருந்து எடுத்து, ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குக் கொடுத்தாங்க. நச்சு முறிஞ்சுது. அதே மாடு, அதே இலை! 1992ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையொட்டி சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று பெயர் வைத்தார்கள்.

மனுஷனுக்கும் இப்படித்தான். ஆன்டிபயாடிக் போட்டா குடல்ல நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். அந்தக் காலி இடத்துல சி. டிஃபிசில் கிருமி பெருகினா, விடாத வயிற்றுப்போக்கு. 2013ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், இது திரும்பத் திரும்ப வந்தவங்களுக்கு ஆரோக்கியமானவங்க மலத்தைக் கரைச்சு, குழாய் வழியா குடலுக்குள்ள செலுத்தினாங்க. 16 பேரில் 15 பேருக்குக் குணம். வான்கோமைசின் மருந்து மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான்.

போன வருஷம் வெறும் சளிக்கு, டாக்டரைப் பார்க்காம, மெடிக்கல்ல கேட்டு ஆன்டிபயாடிக் போட்டவன் நான். சளி வைரஸால வர்றது. அதை அந்த மாத்திரை தொடக்கூட செய்யாது. ஆபீஸ்ல என்ன ஃபைல்னு தெரியாம ஒண்ணைக்கூட டெலீட் பண்ண மாட்டேன். வயித்துல பண்ணியிருக்கேன்.

இனிமே இல்ல. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.