தோற்கத் தெரிந்த சோதனை



நாம் எழுதும் நிரலைக் கணிப்பொறி நேராக அறியாது. அதனை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் மற்றொரு நிரல். மொழிபெயர்ப்பாளன் பிழை செய்தால் மூல நூல் எத்துணைச் செம்மையாக இருந்தும் பயன் என்ன? ஆகவே கம்பைலரையும் சோதித்தாக வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய எல்.எல்.வி.எம். என்னும் கம்பைலர் அமைப்பில், இதற்கென ஃபைல்செக் என்றொரு கருவி உண்டு. சோதிப்பவர் சிறு நிரல் ஒன்றை எழுதி, அதன் விடையில் எவை எவை, எந்த வரிசையில் வரவேண்டும் என்பதை அருகிலேயே 'செக்' என்று தொடங்கும் குறிப்பு வரிகளில் எழுதிவைப்பார். கருவி விடையோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்.

விடை முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எண்ணை எட்டால் பெருக்குமாறு நிரல் சொல்கிறது என்று கொள்வோம். கம்பைலர் பெருக்கலை விடுத்து, இரும எண்ணை மூன்று இடம் இடப்பக்கம் நகர்த்திவிடும். விளைவு ஒன்றே, உழைப்பு குறைவு. அந்த நகர்த்தல் நிகழ்ந்ததா என்பதே நம் வினா. விளைவுக்குக் கம்பைலர் சூட்டும் தற்காலிகப் பெயர் நாளை மாறலாம். ஆதலின் அவ்விடத்தில் 'ஏதேனும் ஒரு பெயர்' எனப் பொது வடிவம் அமைக்கிறோம். அப்பெயரே அடுத்த வரியிலும் வருகிறதா என்றும் கேட்கலாம். இறுகப் பிடித்தால் பொருளற்ற மாற்றத்துக்கும் சோதனை முறியும். தளரப் பிடித்தால் பிழை நழுவிவிடும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் நான் ஒருமுறை ஏமாந்தேன். குறிப்பு வரிகளுள் முதன்மையான ஒன்றில், 'செக்' என்பதற்குப்பின் முக்காற்புள்ளி இட மறந்தேன். கருவி அதனை வெறும் குறிப்பெனக் கருதிக் கடந்து சென்றது. ஏனைய வரிகள் பொருந்தின, சோதனை வென்றது. பின்னர் வேறொரு மாற்றத்தால் நகர்த்தல் போய்ப் பெருக்கல் மீண்டு வந்தது. அப்போதும் சோதனை வென்றுகொண்டே இருந்தது! நண்பர் ஒருவர் விடையைக் கண்ணால் படித்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

'இன்ன கட்டளை வரக்கூடாது' என்னும் சோதனை இதனினும் வஞ்சகமானது. கட்டளையின் பெயரைப் பிழையாக எழுதிவிட்டால், அப்பெயர் விடையில் என்றுமே வராது. சோதனையும் என்றுமே தோற்காது.

அன்றுமுதல் ஒரு வழக்கம் கொண்டேன். சோதனை எழுதியதும், கம்பைலரில் அந்த மாற்றத்தை நானே நிறுத்திவைப்பேன். சோதனை தோற்பதைக் கண்ணாரக் கண்ட பின்னரே அதனை மீட்டமைப்பேன். தோற்கத் தெரியாத சோதனை வென்றதாகச் சொன்னால், அச்சொல்லுக்கு மதிப்பு ஏது? நீங்கள் எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும் இவ்வினாவை மறவாதீர்கள்.