கழிவுநீரைக் கண்காணிக்கும் பதவியும் ஓர் அமானிதமே!

(சாணார்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹ் திருமறையில் (21:30) அறிவிக்கின்றான். நம்முடைய உளூவும் குளிப்பும் அந்தத் தண்ணீரால்தான் நிறைவேறுகின்றன. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஒரு மனிதனின் சிறுநீருக்கே இந்தத் தடை என்றால், ஓர் ஆலையிலிருந்து நாள்தோறும் வெளியேறும் கழிவுநீரைப் பற்றி மார்க்கம் என்ன சொல்லும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

தொழில் ஹலால்; தீங்கு ஹராம்

தோல் பதனிடுவது ஆகுமான தொழில். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள் (முஸ்லிம்). நம் திண்டுக்கல்லில் சமுதாயத்தவர் பலர் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் ஈடுபட்டு வருகின்றனர். ஹஜ்ஜுப் பெருநாளில் நாம் மதரஸாவுக்கு வழங்கும் குர்பானித் தோலும் உப்பிடப்பட்டு, இறுதியில் தோல் தொழிற்சாலைக்கே போய்ச் சேருகிறது. ஆகவே, இது முதலாளிகளுக்கு மட்டும் உரிய பேச்சு என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

தோல் கெடாமலிருக்கத் தடவப்படும் உப்பு, முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடுகிறது. முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்பைடும் சேர்க்கப்படுகின்றன. பதனிடுவதற்குக் குரோமியமோ ஆவாரம்பட்டைச் சாறோ பயன்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் மக்கக்கூடிய கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும். உப்பை அவற்றால் தீர்க்க இயலாது. அதற்குச் சவ்வு வழியாக வடிகட்ட வேண்டும். எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். இரண்டுக்கும் மின்சாரச் செலவு மிகுதி. இரவு நேரத்தில் குழாயைத் திறந்துவிடலாமா என்று ஷைத்தான் ஊசலாட்டத்தை உண்டாக்கும் இடம் இதுவே.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் எடுக்கப்பட்ட கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டிருந்தன என்கிறது அக்கணக்கு. நம் மாவட்டம் உள்ளிட்ட 5 மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்ற நபிமொழியை (இப்னுமாஜா) அடிப்படையாகக் கொண்டு நம் ஃபிக்ஹு மேதைகள் வகுத்த சட்டவிதியும் இதுவே அல்லவா?

2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் சிக்கி மாண்டனர். கண்காணிப்பு தளர்ந்தால் உயிரே போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பொறியாளரின் கையொப்பம் ஒரு சாட்சியம்

இந்தக் கண்காணிப்புக்காகவே 1974ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 1982இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்பட்டது. அதன் பொறியாளர் ஆலைக்குள் நுழைந்து சோதிக்கலாம். கழிவுநீரின் மாதிரியை எடுப்பதாக ஆலைக்காரருக்கு அறிவித்து, அவர் முன்னிலையில் அதை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது சட்டம். ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு முதலியவை 2100 மில்லிகிராமுக்கும், குரோமியம் 2 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்பது நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கான அளவு.

அங்கே எழுதப்படும் எண் ஒரு சாட்சியமாகும். கூடுதலாக இருந்ததைக் குறைத்து எழுதினால் அது பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களின் வரிசையில் நபி (ஸல்) அவர்கள் சேர்த்துள்ளார்கள் (புகாரி). உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதியின் மீது நிலைத்திருங்கள் என்ற பொருளில் அல்லாஹ் (4:135) கட்டளையிடுகின்றான். "நம் ஜமாஅத்துப் பிள்ளைதானே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளக்கூடாதா?" என்று ஒரு முஸ்லிம் அதிகாரியிடம் கேட்பவர், அவரை இக்கட்டளைக்கு மாறுசெய்ய அழைக்கின்றார்.

வேண்டாதவரின் ஆலை என்பதற்காகக் கூட்டி எழுதுவதும் அநீதியே. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பதும் (5:8) இறைக்கட்டளைதான்.

பெட்டியில் வரும் அன்பளிப்பு

ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொதுநிதிக்கென்றும், மறு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென்றும் பிரித்துக் காட்டினார். நபி (ஸல்) அவர்கள் கோபமுற்று, அவர் தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மிம்பரில் நின்று வினவினார்கள் (புகாரி, முஸ்லிம்). மாம்பழப் பெட்டியாக வந்தாலும், மகளின் நிக்காஹில் மொய்யுறையாக வந்தாலும், அதிகாரி தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான். நேர்மையால் இடமாற்றம் வரலாம். ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அவன் எந்த ஊரிலும் அளிப்பான்.

"என் ஒருவனின் ஆலைத் தண்ணீரால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்போரும் உளர். ஈரடுக்குக் கப்பலின் கீழ்த்தளத்தார் தங்கள் வசதிக்காக அடியில் ஓட்டையிட முனைந்ததை உவமையாகச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள் (புகாரி). மேல்தளத்தார் அவர்களின் கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பர். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். கையைப் பிடிக்கும் அப்பொறுப்பை இன்று அரசு அந்தப் பொறியாளரிடம் கொடுத்திருக்கின்றது. முற்கால இஸ்லாமிய ஆட்சியில் முஹ்தஸிப் என்ற அதிகாரி கடைத்தெருவின் அளவையும் நிறுவையையும் சோதித்தது போன்ற பணி இது.

சகோதரர்களே! பொறியியல் பயிலும் பிள்ளைகளிடம், "இப்பதவியும் இபாதத்தாகலாம்" என்று எடுத்துச் சொல்லுங்கள். தொழில் செய்வோர், சுத்திகரிப்புச் செலவைத் தொழிலின் முதலிலேயே கணக்கிடுங்கள். அதை மிச்சம் பிடித்த இலாபம் அண்டை விவசாயியின் கிணற்றிலிருந்து எடுத்த இலாபமாகும். அந்த ஹக்கை அவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா முழுமையடையாது. ஜமாஅத்தார், நேர்மையான அதிகாரிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதாதீர்கள். அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.

அமானிதத்தைப் பேணுவோராகவும், பிறர் அருந்தும் நீருக்குத் தீங்கிழைக்காதோராகவும் வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.