பழைய ஃபைல் பத்திரம்

காலையில் எழுந்ததும் தலைவலி, கூடவே வாந்தி. "பித்தம்தான், சுக்குக் காபி போட்டுக் குடி" என்போம். பெரும்பாலும் அது சாதாரணத் தலைவலிதான். ஆனால் ஆறேழு வருஷத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்த அம்மாவின் அன்றைய பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'லியோமையோசர்கோமா' என்று எழுதியிருந்தால், அந்தத் தலைவலியைச் சும்மா விடவே கூடாது.

கர்ப்பப்பையின் தசைச் சுவரில் உண்டாகும் அபூர்வமான புற்றுநோய் இது. கர்ப்பப்பையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். சாதாரண நார்க்கட்டி மாதிரியே இருக்கும். ஸ்கேனில் பல நேரம் பிடிபடாது. கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே உண்மை தெரியும். அதனால்தான், வயிற்றுக்குள்ளேயே கட்டியைத் துண்டு துண்டாக்கி எடுக்கும் மார்சலேட்டர் கருவி பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. ஒளிந்திருக்கும் புற்று சிதறிவிடும் அல்லவா?

இந்த நோய் ரத்தத்தின் வழியே பரவும். பெரும்பாலும் நுரையீரலுக்கு. மூளைக்குப் போவது அரிது. போனால், சில சமயம் பல வருஷம் கழித்து. அந்தத் தலைவலியைச் சும்மா விடக் கூடாது என்றது இதனால்தான். ஒரே கட்டியாக இருந்தால் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் கைகொடுக்கலாம்.

தாய்மார்களே, அந்த ரிப்போர்ட் இருக்கும் பழைய ஃபைலைப் பீரோவில் பத்திரமாக வையுங்கள். தலைவலி என்று புது டாக்டரிடம் போனாலும் கையோடு எடுத்துப் போங்கள்.