தலமரமும் தலப்பயனும்

குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மொழி தமிழ். ஆதலின், புலவர்கள் கூடிய அவையில் மரங்களைப் பற்றிப் பேசுவது புதுமையன்று. ஆனால் திருத்தலத்தின் மரத்தையும், அத்தலத்தை நாடிச் செல்வோர் அடையும் பயனையும் ஒருசேர வைத்து எண்ணும் வழக்கம் அருகிவிட்டது. மரம் தாவரவியலாருக்கும் பயன் பக்தருக்கும் உரியன எனப் பிரித்துவிட்டோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்பதே இவ்வுரையின் பொருள்.

மரமே முதற் கோயில்

கற்கோயில்கள் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே மரத்தடி வழிபாடு தமிழ்நிலத்தில் வேரூன்றியிருந்தது. சங்க நூல்கள் சிவபெருமானை ஆலமர் செல்வனாகவும், முருகனைக் கடம்பில் உறையும் நெடுவேளாகவும் காட்டுகின்றன. மன்னர்க்கும் காவல்மரம் உயிரனையது. பகைவரின் கடம்பை வெட்டி அதனால் முரசு செய்த சேரனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. மரம் வீழ்ந்தால் அரசும் வீழ்ந்ததாகவே பொருள்.

பிற்காலத்தில் மரத்தைச் சூழ மதிலும் கோபுரமும் எழுந்தன. காவல்மரம் இருந்த இடத்தில் தலமரம் நின்றது. அது ஊருக்குப் பெயரும் ஈந்தது. திருவாலங்காடு, திருப்பனந்தாள், திருப்பாதிரிப்புலியூர் என்னும் பெயர்களில் மரம் இன்றும் ஒலிக்கிறது. திருவானைக்காவின் வெண்ணாவலால் அங்குள்ள இறைவன் சம்புகேசுவரர் ஆனார். காஞ்சியில் ஒற்றை மாமரத்தடி அமர்ந்தவர் ஏகாம்பரர் ஆனார். குற்றாலத்தின் குறும்பலாவுக்கென்றே ஞானசம்பந்தர் தனிப்பதிகம் அருளினார். வைணவ மரபில், குருகூரின் உறங்காப்புளியடியில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் யோகத்தில் அமர்ந்திருந்தார் என்பது வரலாறு.

பயன் யாது?

தலபுராணங்கள் பயன்களைத் தாராளமாகவே கூறுகின்றன: மகப்பேறு, நோய் நீக்கம், வினைத்தீர்வு, பிறவாமை. மகாபாரதத்தின் வனபருவத்திலும் தீர்த்தங்களின் பயன்கள் நீண்ட வரிசையாக உரைக்கப்படுகின்றன. அங்கே புலத்திய முனிவர் வீடுமருக்கு ஓர் அரிய கருத்தைச் சொல்கிறார். வேள்வி செய்யப் பெரும்பொருள் வேண்டும். அது வறியவர்க்கு இயலாது. தீர்த்த யாத்திரையோ வறியவரும் செய்யத்தக்கது. அதன் பயன் வேள்விப் பயனினும் மிக்கது.

எளியவர்க்குத் திறந்த இவ்வாயிலில் ஒரு நிபந்தனையும் உண்டு. கையும் காலும் மனமும் அடங்கியவர்க்கே தீர்த்தப் பயன் கைகூடும் என்கிறது அப்பகுதி. காந்த புராணத்துக் காசிக் காண்டமும் வாய்மை, பொறை, இரக்கம் ஆகியவற்றையே தீர்த்தங்களாக எண்ணுகிறது. எனவே பயன் என்பது சென்று வாங்கிவரும் பொருளன்று. சென்றவரிடம் நிகழும் மாற்றம்.

இவ்விடத்தில்தான் தலமரம் ஆசானாகிறது. வேண்டுதல் மிகுந்தோர் அதன் கிளையில் தொட்டில் கட்டுகின்றனர், மஞ்சட்கயிறு சுற்றுகின்றனர். ஆனால் மரம் வேண்டியவர், வேண்டாதவர் என்னும் வேறுபாடின்றி நிழல் தருகிறது. ஒப்புரவாளனின் செல்வத்தை ஊர்நடுவே பழுத்த மரத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். மரத்திடம் பயன் கேட்கச் சென்றவர், தாமே பயன்தரும் மரமாகித் திரும்புவதே யாத்திரையின் நிறைவு.

பெயரில் மட்டும் வாழும் மரங்கள்

இவ்வளவு சிறப்புடைய தலமரங்கள் எந்நிலையில் உள்ளன? மதுரையின் பழம்பெயர் கடம்பவனம். மீனாட்சியம்மன் கோயிலில் வணங்கப்படும் பழங்கடம்போ பட்ட அடிமரம். காலம் கொண்டுபோன உயிரைக் கைகூப்பி நினைக்கும் அவ்வழிபாடு நெஞ்சை நெகிழ்விப்பது, எச்சரிப்பதும்கூட.

சிதம்பரத்தின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தில்லை என்னும் மரத்தால் தில்லை எனப் பெயர் பெற்ற அவ்வூரைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்றில்லை. கூத்தனைக் கண்டு மீளும் அடியார் பலர் அம்மரத்தைக் காணாமலே திரும்புகின்றனர். அதைக் காண வேண்டின், கிழக்கே பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குச் செல்லவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உண்ணத்தக்க கனியும் அதற்கில்லை. அத்தகைய மரத்தையே முன்னோர் அம்பலவாணனின் மரமாகக் கொண்டனர். மனிதனுக்கு உதவும் மரங்களை மட்டும் போற்றும் சிறுமை அவர்களிடம் இல்லை.

உதவாததாகத் தோன்றும் அம்மரம் உதவிய நாளும் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, பிச்சாவரக் காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் அழிவு குறைந்திருந்ததென ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். தில்லையும் அதன் இனத்துணைகளும் சேற்றில் வேரூன்றி நின்று அலையின் வேகத்தைத் தணித்தன. 2022இல் அக்காடு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தலமரம் காக்கும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

கவிஞர் கடன்

கடம்பும் பாதிரியும் குருந்தும் நம் கவிதைகளில் சொற்களாக வாழ்கின்றன. கண்ணால் காணாத மரத்தைப் பாடும் சொல், காலப்போக்கில் நிகண்டுச் சொல்லாகவே எஞ்சும். ஆதலின் கவிஞர்கள் தலமரங்களைத் தேடிக் காணவேண்டும். அவை பூக்கும் பருவமும் இலையின் வடிவும் அறிந்து பாடவேண்டும். மரம் பட்டுப்போன தலங்களில் அதே இனத்துக் கன்று நடப்பட வேண்டும் என ஊராரிடமும் கோயிலாரிடமும் எடுத்துரைக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கிய வட்டமும் தன் ஊரைச் சூழ்ந்த தலங்களின் மரங்களையேனும் நேரில் கண்டு எழுதிவைத்தல் நன்று. பின்வருவோர் திருப்பாதிரிப்புலியூர் என்று சொல்லும்போது, பாதிரி எது எனச் சுட்டிக்காட்ட ஊருக்கு ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.